புதுச் சட்டியில் காய்ச்சிய கஞ்சி

எனக்கு நன்றாகச் சமைக்கத் தெரியும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. நன்றாகத் தைக்கத் தெரிந்தவள் அதைச் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை; சமைக்கத் தெரிந்தவள் சொன்னால் மட்டும் பீற்றிக்கொள்கிறாள் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் லேப்பில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த இருபத்திரண்டு வருஷத்தில் என் கைச் சாப்பாட்டைச் சாப்பிடாத ஆள் அந்த லேப்பில் இருந்ததில்லை.

லேப் என்றால் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ஷிப்டிலும் ஓடுகிற நூலில் கொஞ்சம் எடுத்து வந்து, சுற்றி, எடை போட்டு, இழுத்து அறுத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பார்க்காமல் கையெழுத்துப் போடுவதுதான் அங்கே பெரிய தப்பு. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஒருமுறை நூலைத் தொடாமலே, முந்தின நாள் எழுதியதைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டாள். பார்க்காமலே பார்த்தேன் என்று எழுதுகிறவளுக்கு இங்கே என்ன வேலை என்று நான் போட்ட சத்தத்தில் அவள் அழுதுவிட்டாள். அன்று எனக்குக் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை. இப்போது அந்தப் பெண்ணை எங்கேயாவது பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வேன்.

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில் இருக்கிறது. ராஜபாளையத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருவேன். பையில் இரண்டு தூக்கு இருக்கும். ஒன்று எனக்கு, இன்னொன்று மற்றவர்களுக்கு. அதுவும் எனக்குப் பற்றவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப் ஆட்களை வீட்டுக்கே வரச் சொல்லிவிடுவேன். விடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்தால் மத்தியானம் வரை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருக்கும். என் வீட்டுக்காரர் தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டு, கூட்டம் வருவதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார்.

எங்கள் வீடு சைவம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கறி இல்லையே என்று ஒருவரும் குறைப்பட்டதில்லை. என் பருப்பு உருண்டைக் குழம்புக்காகத்தான் எல்லாரும் வருவார்கள். துவரம்பருப்பை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறவிடக் கூடாது. வற்றல், சோம்பு, பூண்டு போட்டுக் கரகரப்பாக அரைத்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயத்தைப் பிசைந்து உருட்ட வேண்டும். குழம்பு நன்றாகக் கொதிக்கும்போது ஒவ்வொன்றாக விட வேண்டும். விட்ட பிறகு கரண்டியைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. உருண்டை தானாக மேலே மிதந்து வரும்வரை பொறுமையாக நிற்க வேண்டும். நிறையப் பேர் அவசரப்பட்டுக் கிண்டிக் கரைத்துவிடுகிறார்கள். தெலுங்கு பேசும் வீட்டிலிருந்து வந்த ஒருத்தி எங்களோடு வேலை பார்த்தாள். ஒரு உருண்டையை வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு 'பாகுந்தி' என்பாள்; நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தைக்காக நான் விடியற்காலையில் எழுந்திருப்பேன்.

கேட்டவர்களுக்கெல்லாம் செய்முறை எழுதிக் கொடுத்தேன். கைப்பக்குவத்தை மறைக்கிற ஆள் இல்லை நான். லேப்பில் கழிந்த தாள்களின் பின்பக்கத்தில், அளவோடு எழுதிக் கொடுப்பேன். அப்படி அதிகமாக வாங்கிப் போனவள் என் தோழி ஒருத்தி. என்னைவிட ஆறு வயது இளையவள், ராஜபாளையத்தில் ஒரு முஸ்லிம் வீட்டு மருமகள். அவள் கணவர் பஜாரில் துணிக்கடை வைத்திருந்தார். லேப்பில் எனக்கு அடுத்த மேஜை அவளுடையது. நான் எழுதிக் கொடுத்த தாள்களை ஒன்று விடாமல் ஒரு பைலில் அடுக்கி வைத்திருந்தாள். செய்து பார்த்துவிட்டு மறுநாள் வந்து, இது இப்படி வந்தது, அது கொஞ்சம் குழைந்துவிட்டது என்று சொல்லுவாள். எனக்குப் பிறந்த ஊரிலும் புகுந்த ஊரிலும் வாய்க்காத சிநேகிதம் அது. என் மகளின் பிரசவத்துக்கு நான் லீவு போட்டு ஓடியபோது, என் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தவள் அவள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. எனக்கு ஒரு வேளை சமைத்துப் போட வேண்டும்.

நான் பிடி கொடுக்கவே இல்லை. இன்று வெள்ளிக்கிழமை என்பேன். இன்று பிரதோஷம் என்பேன். புரட்டாசி என்பேன், கார்த்திகை என்பேன். நாள் கிழமை ஒன்றும் கிடைக்காவிட்டால் வயிறு சரியில்லை என்பேன், வீட்டில் விருந்தாளி என்பேன். அவளுக்கு வருஷத்தில் ஒரு மாதம் நோன்பு. எனக்கோ அவள் சமைக்கிறேன் என்று சொல்லும்போதெல்லாம் நோன்பு. அவள் வீட்டுக்குப் போனால் வாழைப்பழம் உரித்துச் சாப்பிடுவேன், சோடா குடிப்பேன். சமைத்ததைத் தொடமாட்டேன். கறி ஆக்குகிற பாத்திரம், கறி ஆக்குகிற கரண்டி என்பதுதான் காரணம். அதை வாய்விட்டு அவளிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கூடத் தேவலை.

ஆனால் அவள் புரிந்துகொண்டாள். ஒரு வருஷம் நோன்பு கத்திரி வெயிலில் வந்தது. ஒருநாள் வேலை முடிந்து கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, புதுசா ஒரு சட்டி வாங்கியிருக்கேன். அகப்பையும் புதுசுதான். கறி கவுச்சி எதுவும் அதுல படல, படவும் விடமாட்டேன். ஞாயித்துக்கிழம நோன்புக் கஞ்சி காய்ச்சிக் கொண்டாரேன். இதுக்கு மேல நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது."

நான் சிரித்துத் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல், அந்த வெயிலில், ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் நின்றபடியே, கையில் பிடிக்க முடியாத சூட்டோடு ஒரு தூக்கைச் சுமந்துகொண்டு வந்தாள். உதடு வெடித்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அன்று அவள் வீட்டில் நோன்பு திறக்கச் சொந்தக்காரர்கள், கடை ஆட்கள் என்று பத்துப் பதினைந்து பேர் வரவிருந்தார்கள். அவர்களுக்கும் இதே கஞ்சிதானாம், இதே சட்டிதானாம். எனக்குத் தனியாகக் கொஞ்சம் காய்ச்சினால் அது ஒதுக்கிவைத்த மாதிரி ஆகிவிடும் என்று, அன்று எல்லாருக்குமே கறி போடாமல் காய்ச்சியிருந்தாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னாள். நோன்போடு சமைப்பதால் அவள் உப்புப் பார்ப்பதில்லை. அவள் மாமியாருக்குச் சர்க்கரை வியாதி, நோன்பு வைப்பதில்லை, அதனால் தினமும் அவர்தான் ருசி பார்த்துச் சொல்வாராம். அந்த வாரம் அவர் மகள் வீட்டுக்குக் கடையநல்லூர் போயிருந்தார்.

"இன்னைக்கு எங்க மாமி எடத்துல நீங்கதான்க்கா. செத்த நேரம் கழிச்சுப் போன் பண்ணுதேன். உப்பு எப்படின்னு சொல்லுங்க. கொறஞ்சிருந்தா பாங்குக்கு முன்னாடி வீட்டுல போட்டுக்கிடுவேன்."

அவள் போன பிறகு தூக்கைத் திறந்தேன். புதினாவும் வெந்தயமும் தேங்காய்ப் பாலும் கலந்த மணம். நடுவில் பட்டை, கிராம்பு. அதே பட்டையும் கிராம்பும் என் அஞ்சறைப் பெட்டியிலும் இருக்கின்றன, நானும் குருமாவில் போடுகிறேன். ஆனாலும் அந்தத் தூக்கிலிருந்து வந்தபோது அது வேறு மணமாகத் தெரிந்தது. ஒரு கரண்டி எடுத்தேன். வாய்வரை கொண்டுபோனேன். அதற்கு மேல் கை போகவில்லை.

என் மாமியார் இருந்தார், வீட்டுப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று சாக்குச் சொல்ல வழியில்லை. வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். என் வீட்டுக்காரர் மதுரைக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் அவர் இரண்டு டம்ளர் குடித்திருப்பார்; வெளியே அவர் என்னென்ன சாப்பிடுகிறார் என்று நான் கேட்டுக்கொள்வதில்லை. ஆசாரம்தான் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதிதான். மீதி என்னவென்றால், ஊருக்கெல்லாம் சமைத்துப் போடுகிறவள் நான். போட்டுத்தான் பழக்கம், வாங்கிச் சாப்பிட்டுப் பழக்கமில்லை. இன்னொருத்தி கையால் சாப்பிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் இறங்கவில்லை.

பக்கத்து வீட்டில் இரண்டு மாடுகள். எங்கள் ஊரில் பால்கோவாவுக்கே பால் பற்றாது, அதனால் தெருவுக்கு நாலு வீட்டில் மாடு நிற்கும். அந்த வீட்டு வாசலில் கழுநீர் ஊற்றுகிற தொட்டி இருக்கிறது. தூக்கை எடுத்துப் போய் அதில் கவிழ்த்தேன். மாடு முகத்தை உள்ளே விட்டு உறிஞ்சியது. செத்த நேரம் நின்று அதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

தூக்கைக் கழுவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பஸ் இரைச்சலுக்கு நடுவே அவள் குரல். உப்பு எப்படி அக்கா என்றாள்.

"அம்புட்டும் சரியா இருக்கு" என்றேன். "கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

கழுவின தூக்கை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது இல்லையா? கடையில் பால்கோவா வாங்கி அதில் நிரப்பினேன். யாருக்கும் கடையில் வாங்கிக் கொடுக்காதவள், அன்று வாங்கினேன். திங்கட்கிழமை காலையில் அவள் மேஜையில் அதை வைத்தேன். அவள் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. பொய் சொன்னவளுக்கு அதன் மேல் இன்னும் நாலு பொய்யைப் போட்டு மூடினால்தான் நிம்மதி. என்ன ருசி, என்ன மணம், எங்கள் வீட்டுக்காரர் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தார் என்றெல்லாம் அளந்தேன். அதோடு விடாமல், பழைய தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, பேனாவைத் திறந்துகொண்டு, எனக்கும் செய்முறை சொல்லு என்றேன்.

அவள் கையிலிருந்த நூலைக் கீழே வைத்தாள். பிறகு நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள். பச்சரிசிக் குருணை இரண்டு டம்ளர், பாசிப்பருப்பு அரை டம்ளர், வெந்தயம் ஒரு கரண்டி. எண்ணெயில் பட்டை, கிராம்பு தாளித்து, சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி வதக்கி, புதினா, மல்லி, மஞ்சள்தூள் போட்டு, தண்ணீர் தாராளமாக ஊற்றிக் குழைய வேகவிட வேண்டும். இறக்குகிற நேரத்தில் தேங்காய்ப் பால் விட வேண்டும். நான் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தேன். அவ்வளவுதானா என்று தலையை நிமிர்த்தினேன்.

"கடைசில உப்புன்னு எழுதிக்கோங்கக்கா" என்றாள். "நேத்து நான் உப்புப் போடவே மறந்துட்டேன். நீங்க மறந்துராதீய."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அடுத்த ஷிப்டுக்கு நூல் எடுக்க வேண்டும் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் போனாள். நான் அந்தத் தாளில் 'உப்பு' என்று எழுதினேன். பிறகு அளவு எழுத இடம் விட்டேன். அந்த இடம் இன்னும் அப்படியே இருக்கிறது.

அன்று அவள் வீட்டில் நடந்ததைச் சில மாதம் கழித்து எங்கள் தெலுங்குக்காரத் தோழி சொன்னாள். தெலுங்குக்காரி வீடும் அதே தெருவில்தான், அங்கேயும் ஒரு வாளி கஞ்சி வந்திருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றும்போது, உப்புப் பார்த்தாயா என்று யாரோ கேட்டார்களாம். 'எங்க லேப் அக்கா பாத்துட்டாவ. அவிய சொன்னா சரியா இருக்கும்' என்று இவள் பெருமையாகச் சொன்னாளாம். நாள் முழுக்கப் பசித்திருந்தவர்கள் முதல் வாய் வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். உப்பை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு, இவள் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டாளாம்.

அதற்குப் பிறகும் அவள் என்னோடு பேசாமல் இருக்கவில்லை. அக்கா என்றுதான் கூப்பிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குக் கூப்பிட்டபோது மட்டும், வயிறு சரியில்லை என்றாள். அதற்கடுத்த மாதம் வீட்டில் விருந்தாளி என்றாள். பிறகு ஒருநாள் லேப்பில் என் தூக்கை நீட்டியபோது, இன்று வெள்ளிக்கிழமை என்றுகூடச் சொன்னாள். ஒவ்வொன்றும் நான் அவளுக்குச் சொன்னதுதான். கொஞ்ச நாளில் நான் அந்த ஞாயிற்றுக்கிழமைகளையே நிறுத்திவிட்டேன். முதுகு வலி என்று எல்லாரிடமும் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்று படிக்கிறவர்கள் கேட்பீர்கள். நானும் தினமும் கேட்டுக்கொண்டேன். அவளாக எடுத்தால் பேசிவிடலாம் என்று இருந்தேன். அவள் எடுக்கவில்லை. ஆறப் போட்டால் ஆறிவிடும் என்று நினைத்தேன். அடுத்த வருஷ நோன்பு வந்தது. அவள் மேஜையில் உட்கார்ந்து வறண்ட உதட்டோடு எழுதிக்கொண்டிருப்பதை முப்பது நாளும் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் கஞ்சி கொண்டு வருகிறாயா என்று ஒரு வாக்கியம் கேட்டிருந்தால் போதும். கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று இருந்துவிட்டேன். அடுத்த வருஷம் கணவருக்கு உதவியாகக் கடையில் உட்காரப் போகிறேன் என்று வேலையை விட்டுவிட்டாள்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. இந்த வருஷம் நோன்பு மாசியில் வந்தது. ஒருநாள் காலையிலிருந்தே எனக்கு நிலைகொள்ளவில்லை. மத்தியானத்துக்கு மேல் பஸ் ஏறி ராஜபாளையம் போனேன். சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். அவள் கதவைத் திறந்து, வாங்கக்கா என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். தலை பாதி நரைத்திருந்தது. மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மருமகள் ஏழு மாதம் முழுகாமல் இருந்ததால் நோன்பு வைக்கவில்லை. இவதான் இப்ப எங்க வீட்டுல உப்புப் பாக்குத ஆளு என்று சிரித்தாள். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு பைலை எடுத்து வந்தாள். என் கையெழுத்து, என் தாள்கள், எண்ணெய்க் கறையோடு. அன்று விடிவதற்கு முன்னால் நோன்பு வைக்கும்போது அவர்கள் சாப்பிட்டது என் உருண்டைக் குழம்பு. உருண்டை மேலே வரும்வரை கரண்டி போடமாட்டேன் என்று அவள் மருமகள் பாடம் ஒப்பித்தாள்.

என் தோழி ஒரு டப்பாவைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். எங்கள் ஊர்ப் பால்கோவா. பிரிக்காத டப்பா. எனக்குத் தெரியும்படி என் கண் முன்னாலேயே அதைப் பிரித்து, கடைக்காரர் கொடுத்த சின்ன மரக் கரண்டியை அதில் வைத்தாள். அவள் வீட்டுக் கரண்டியைக் கொடுக்கவில்லை. அடுக்களையிலிருந்து கஞ்சி மணம் வந்துகொண்டிருந்தது. புதினாவும் வெந்தயமும் பட்டையும். எத்தனையோ வருஷத்துக்கு முன் என் கை வாய்வரை கொண்டுபோன அதே மணம்.

"எனக்கு ஒரு வாய் கஞ்சி வேணும்" என்றேன். "அன்னைக்கு நான் அதைச் சாப்பிடவே இல்ல."

"தெரியும்க்கா."

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை நீவிக்கொண்டே சொன்னாள்.

"இது கறி போட்ட கஞ்சிக்கா. உங்களுக்கு ஆகாது. அந்தச் சட்டிய ஒரு வருசம் தனியாத்தான் கவுத்தி வச்சிருந்தேன். அடுத்த நோன்புக்கு நீங்க கேப்பீயன்னு நெனச்சேன். கேக்கல. பொறவு கறிக்கு எடுத்துட்டேன்."

சொல்லும்போது அவளுக்குத்தான் என்னைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. கஞ்சி தர முடியவில்லையே என்ற வருத்தம் அவள் முகத்தில் தெரிந்தது. நான் அழுதேன். அவள் என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். பால்கோவாவில் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டேன், அவளுக்காக இன்னொரு வாயும் சாப்பிட்டேன்.

பாங்கு சொல்லும் நேரம் நெருங்கியது. ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நான் எழுந்து செருப்பை மாட்டினேன். உள்ளே அந்தச் சட்டியை மருமகள் கிளறிக்கொண்டிருப்பது வாசலிலிருந்து தெரிந்தது. அலுமினியச் சட்டி, அடிப்பக்கம் கறுத்திருந்தது. அகப்பையில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு, ஊதி, நாக்கில் வைத்தாள். அதன் பிறகு சத்தமாகச் சொன்னாள்.

"உப்புச் சரியா இருக்கு மாமி."

அவள் ருசி பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.